பேர்ச் பேர்ச்சாகக் குறையும் கொழும்புச் சதுப்பு

கொழும்பு மாநகரைச் சுற்றி ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் சதுப்பு நிலம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. பத்தரமுல்லை, கோட்டே, தலங்கம, கொலன்னாவ, தலவத்துகொட, அத்திடிய என்று துண்டு துண்டாகக் கிடக்கும் இந்த நிலம் வெளிப்பார்வைக்குப் புல்லும் நாணலும் மண்டிய வெற்றுக்காணி. காணி விளம்பரங்களில் இது ‘நிரப்பினால் வீடு கட்டலாம்’ என்ற வகைக்குள் போய்விடுகிறது. ஆனால் நகரத்து மழைநீரைச் சில மணி நேரத்துக்காவது தாங்கி வைத்திருப்பது இந்த நிலமே. அதில் வீடு ஏறினால் நீர் வேறு வீடுகளைத் தேடிப் போகும்.

காரணம் நகரின் தரை அமைப்பில் இருக்கிறது. களனி கங்கைக்குத் தெற்கே உள்ள பகுதிகளில் பெரும்பாலானவை கடல் மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்தவை. இராஜகிரியவிலும் கோட்டேயிலும் விழும் மழை தியவன்னா ஓயாவையும் சிறு ஓடைகளையும் நிரப்பிக்கொண்டு கால்வாய்களுக்குள் இறங்குகிறது. அங்கிருந்து அது வெளியேற நான்கு வாசல்களே உள்ளன. கிருலப்பனை வழியாக வரும் நீர் வெள்ளவத்தையில் காலி வீதிப் பாலத்தின் கீழ் ஓடிக் கடலில் விழுகிறது. அதற்குத் தெற்கே தெஹிவளைக் கால்வாய் இருக்கிறது. வடக்கே தெமட்டகொட, புனித செபஸ்தியன் கால்வாய்கள் வழியாகப் போகும் நீர் ஒன்றில் வடக்கு மடை வழியாகக் களனியில் சேரவேண்டும், அல்லது கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்தில் உள்ள சுரங்க வழியால் கடலுக்குப் போகவேண்டும்.

இந்த நான்கும் எப்போதும் திறந்திருப்பதில்லை. மலைநாட்டில் மழை பெய்து களனி கங்கை உயர்ந்தால் வடக்கு மடையை மூடியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஆற்றுநீர் நகருக்குள் திரும்பிவிடும். கடற்பெருக்கு நேரத்தில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் நீரோட்டம் மந்தமாகிறது. கால்வாய் வாயில் மணல் திட்டு கட்டினால் அதை வெட்டி விடவேண்டும். கால்வாய்களுக்குச் சரிவு மிகக் குறைவு என்பதால் எவ்வளவு ஆழப்படுத்தினாலும் நீர் அவசரப்பட்டு ஓடாது. அது மெதுவாக வடியும் வரை எங்கேயாவது நிற்கவேண்டும், அதற்கென்று இருக்கும் இடம்தான் சதுப்பு. ஒரு ஹெக்டேயர் சதுப்பில் ஓர் அடி உயரத்துக்கு நீர் ஏறினால் அங்கே சுமார் 30 இலட்சம் லீற்றர் நிற்கிறது. அந்த நீர் நிற்க இடமில்லாத நாளில் வெள்ளவத்தையின் கால்வாய்க்கரை ஒழுங்கைகளும் கொட்டாஞ்சேனையின் தாழ்ந்த தெருக்களும் அதற்கு இடமாகின்றன. எங்கோ பத்தரமுல்லையில் நிரப்பப்படும் காணி தங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று இந்த இரண்டு ஊர்க்காரரும் இருந்துவிட முடியாது.

பழங்காலத்தில் இந்தச் சதுப்பு பாதுகாப்புக்காகவே விரும்பப்பட்டது. கோட்டே இராச்சியம் தியவன்னா ஓயாவின் சேற்று நிலத்தை மூன்று புறமும் அரணாக வைத்துக்கொண்டே தலைநகரை அமைத்தது. 1565இல் அந்தத் தலைநகர் கைவிடப்பட்ட பின் சதுப்பின் ஓரங்களில் நெல் விளைந்தது, நடுவில் நாணலும் மீனும் இருந்தன. ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் வெட்டிய கால்வாய்கள் போக்குவரத்துக்கும் வடிகாலுக்கும் பயன்பட்டன. நகரம் கடற்கரையை ஒட்டியே இருந்தவரை சதுப்புக்கு ஆபத்து பெரிதாக இல்லை.

நிலைமை 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மாறியது. 1968ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென ஒரு சபையை உருவாக்கியது. நிலம் நிரப்புவதே அதன் பிரதான வேலை. பின்னாளில் அது இன்றைய காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனமாகி, கால்வாய்களைப் பராமரிக்கும் பொறுப்பையும் 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தாழ்நிலங்களைக் காக்கும் அதிகாரத்தையும் பெற்றது. சதுப்பை நிரப்பி விற்கவும் சதுப்பைக் காக்கவும் ஒரே நிறுவனத்திடம் அதிகாரம் இருப்பது ஆரோக்கியமான ஏற்பாடு ஆகாது. ஆயினும் இன்று கொழும்பின் சதுப்புகளைப் பற்றி அதிகம் அறிந்த பொறியியலாளர்களும் அந்தக் கூட்டுத்தாபனத்திலேயே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்த திருப்பம் தலைநகர் மாற்றம். ஜெப்ரி பாவா வடிவமைத்த புதிய பாராளுமன்றம் தியவன்னாவின் நடுவே, சதுப்பைத் தோண்டி ஏரியாக்கிய இடத்தில் எழுந்து 1982 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கட்டடம் அழகானது, ஏரியும் நீரைத் தாங்கியது. ஆனால் பாராளுமன்றத்தைத் தொடர்ந்து அமைச்சுகளும், அமைச்சுகளைத் தொடர்ந்து அகலப்படுத்திய வீதிகளும், வீதிகளைத் தொடர்ந்து வீடுகளும் வந்தன. வயலாகவும் சேறாகவும் கிடந்த பத்தரமுல்லையும் தலவத்துகொடவும் இலங்கையில் காணி விலை உச்சத்தில் உள்ள இடங்களாக மாறின. நகரத்தைச் சதுப்பை நோக்கி இழுத்த முதல் கை அரசினுடையதே. சதுப்பு அழிவுக்குச் சேரிவாசிகளை மட்டும் குறை சொல்லும் பழக்கம் இந்த வரலாற்றை மறந்த பழக்கம்.

நிரப்பும் முறை எங்கும் ஒன்றுபோலவே நடக்கிறது. முதலில் சதுப்பின் ஓரத்தில் வீட்டுக் குப்பையும் உடைத்த சுவர்க் கற்களும் கொட்டப்படும். யாரும் கேட்காவிட்டால் இரவில் டிப்பர்கள் கிறவல் மண்ணோடு வரும். விடுமுறை நாட்கள் தொடர்ச்சியாக வரும் வாரங்கள் இதற்கு மிகவும் வாய்ப்பானவை, ஏனெனில் அலுவலகங்கள் பூட்டியிருக்கும். மண் இறுகியதும் கம்பி வேலியும் நாலு வாழையும். பின்னர் தகரக் கொட்டில், மின் இணைப்பு, பிரதேச சபையின் சோலைவரிப் பற்றுச்சீட்டு. சில வருடங்களில் அந்தக் காணிக்கு வரைபடமும் உறுதியும் இருக்கும், பத்துப் பத்துப் பேர்ச்சாகப் பிரித்து விற்கலாம். கடைசியில் வாங்குகிறவர் பெரும்பாலும் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிய நடுத்தரக் குடும்பத்தவர். அவர் சட்டத்தை மீறியதாக நினைப்பதே இல்லை.

பத்துப் பேர்ச் என்பது சுமார் 253 சதுர மீற்றர். அதை ஒரு மீற்றர் உயர்த்தினால் இரண்டரை இலட்சம் லீற்றர் நீர் நிற்கும் இடம் போய்விடுகிறது. ஒரு வீட்டுக்கு இது பெரிதாகத் தோன்றாது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான வர்த்தமானி, ஈரநிலத்தை நிரப்பும் திட்டம் 4 ஹெக்டேயரைத் தாண்டினால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்கிறது. 4 ஹெக்டேயர் என்றால் ஏறத்தாழ 158 பத்துப் பேர்ச் துண்டுகள். சரணாலயம் போல விசேடமாகக் குறிக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே, 158 பேர் தனித்தனியாக நிரப்பினால் ஒருவர்கூட அந்த மதிப்பீட்டின் வாசலை மிதிக்கவேண்டியதில்லை. ஒரே கம்பனி நிரப்பினால் நாடே பேசும். மொத்தத்தில் இழக்கப்படும் கொள்ளளவு இரண்டிலும் 4 கோடி லீற்றர்தான். கொழும்பின் சதுப்பு இழப்பில் இந்த ஓட்டையே எல்லாவற்றிலும் பெரியது, இதைப்பற்றி நடக்கும் பேச்சோ எல்லாவற்றிலும் குறைந்தது.

விளைவை மழை பல தடவை காட்டிவிட்டது. 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் 24 மணி நேரத்தில் 493.7 மில்லிமீற்றர் மழை பெய்தது. நகரம் மூழ்கிய அந்த அனுபவத்தின் பின் ஜப்பானிய உதவியோடு கால்வாய்கள் அகலப்படுத்தப்பட்டன. 2010 நவம்பரில் ஓரிரவில் 440 மில்லிமீற்றர் அளவில் பெய்தபோது பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. இரண்டு மழைக்கும் இடைப்பட்ட காலத்தில் கால்வாய்கள் மேம்பட்டிருந்தன, சதுப்போ சுருங்கியிருந்தது. அதன் பிறகு உலக வங்கியிடமிருந்து 21 கோடி 30 இலட்சம் டொலர் கடன் பெற்று 2012இல் மாநகர அபிவிருத்தித் திட்டமொன்று தொடங்கியது. முகத்துவாரத்தில் புதிய சுரங்கம் குடைவது முதல் சதுப்புப் பூங்கா அமைப்பது வரை அதன் வேலைகள் நீண்டன.

2016 மே மாத வெள்ளமும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளமும் வேறு வகை. அவற்றில் பிரதான காரணம் களனி கங்கை கரைபுரண்டது. கொலன்னாவ, வெல்லம்பிட்டி, கடுவெல மக்கள் கூரை மட்டும் தெரியும் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். இத்தகைய ஆற்று வெள்ளத்தைச் சதுப்பு முழுவதும் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறு உயர்ந்து மடைகள் மூடப்பட்ட வேளையில் நகருக்குள் விழும் மழைக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்த நாட்களில் எஞ்சிய ஒவ்வொரு ஏக்கர் சதுப்புக்கும் வேலை இருக்கிறது. மேற்படி திட்டத்துக்காகச் செய்யப்பட்ட உலக வங்கி ஆய்வு, கொழும்பின் சதுப்புகள் அனைத்தும் அழிந்தால் வெள்ளச் சேதம் சராசரியாக ஆண்டுதோறும் நகரின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதம் அளவுக்கு இருக்கும் என்று மதிப்பிட்டது. புதிய காணி தரும் இலாபம் சிலரைச் சேரும், அந்த 1 சதவீதத்தைக் கடைக்காரரும் முச்சக்கரவண்டி ஓட்டுநரும் தரைத்தளத்தில் குடியிருப்பவரும் கட்டுவார்கள்.

சதுப்பில் உயிரினங்களும் வாழ்கின்றன. மனிதப் பயனைப் பேசும்போது இவற்றைக் கடைசியில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது, அது நியாயமில்லை. உலக அளவில் அருகிவரும் மீன்பிடிப் பூனை கொழும்பின் சதுப்புகளில், வீட்டு மதில்களுக்கு மிக அருகே வாழ்கிறது. இரவில் கால்வாய் ஓரமாக நடந்து, சில வேளை வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் மீனைப் பிடித்துக்கொண்டும் போகிறது. பல இலட்சம் மக்கள் நெருங்கி வாழும் ஒரு தலைநகரில் காட்டுப்பூனை இனமொன்று இப்படி வாழ்வது அபூர்வம். நீர்நாய், முதலை, நீலத்தாழைக்கோழி, கூழைக்கடா, பலவகை நாரைகள் என இங்கே வாழ்பவை ஏராளம். ஒரு சதுப்பை முழுதாக நிரப்பாமல் நடுவே வீதி போட்டாலே இவற்றின் நடமாட்டம் அறுந்துவிடுகிறது. துண்டாகிப் போன சதுப்பின் ஓரங்களில் காட்டு அன்னமுன்னாவும் ஆகாயத்தாமரையும் ஏறி, திறந்த நீரை மூடிவிடுகின்றன. அதன்பின் ‘இது செத்த நிலம், நிரப்பினால் என்ன’ என்ற வாதம் எழும்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஸ்ரீ ஜயவர்தனபுர பறவைகள் சரணாலயம் 1985இலும், வெள்ளவத்தையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ள பெல்லன்வில-அத்திடியச் சரணாலயம் 1990இலும் பிரகடனப்படுத்தப்பட்டன. பின்னது 372 ஹெக்டேயர், பொல்கொட நீர்ப்படுகையின் தலைப்பகுதி. ஆனால் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் சரணாலயம் என்பது மிகவும் இளகிய வகுப்பு. அதற்குள் தனியார் காணி இருக்கலாம், மக்கள் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம். கண்டிப்பான இயற்கை ஒதுக்கத்துக்கோ தேசிய பூங்காவுக்கோ உள்ள காவல் அதற்குக் கிடையாது. உறுதி வைத்திருக்கும் உரிமையாளர் தன் காணியில் மண் போடும்போது வனவிலங்கு அதிகாரி ஒருவர் போய்த் தடுப்பது, வழக்கு, தவணை, மீண்டும் தவணை என்று வருடக்கணக்கில் இழுபடும். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ‘சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம்’ என்று இன்னொரு வகுப்பு உண்டு. தலங்கமக் குளமும் சுற்றுப்புறமும் 2007இல் அப்படி அறிவிக்கப்பட்டன. வயல்களுக்கு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் காவல்: அனுமதியின்றி நெற்காணியை நிரப்பக்கூடாது. பல வருடம் விதைக்காமல் விட்டு, புல் ஏறியதும் ‘இது வயலே அல்ல’ என்று சொல்லி நிரப்புவது அதைத் தாண்டும் வழி.

ஒரே சதுப்பின் மேல் நகர அபிவிருத்தி அதிகார சபை, காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், மத்திய சுற்றாடல் அதிகார சபை, வனவிலங்குத் திணைக்களம், கமநலத் திணைக்களம், பிரதேச சபை எல்லாம் ஏதோ ஒரு பங்கு அதிகாரம் வைத்திருக்கின்றன. நிரப்புகிறவருக்கு இவற்றில் ஒன்றின் கையெழுத்துக் கிடைத்தால் போதும். தடுக்க விரும்பும் அயலவரோ எல்லா வாசலிலும் ஏறி இறங்கவேண்டும்.

நிர்வாகம் தளர்ந்த இடத்தில் நீதிமன்றம் சில தடவை உறுதியாக நின்றது. எப்பாவல பொஸ்பேற் வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இயற்கை வளத்தை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கொள்கையை வலியுறுத்தியது. அந்தக் கொள்கை கொழும்புச் சதுப்பின் மேல் வந்து விழுந்தது 2008 ஒக்டோபர் 8ஆம் திகதி. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று மக்களிடமிருந்து சுவீகரிக்கப்பட்ட காணி, 18 குழி கோல்ஃப் மைதானத்துக்காகத் தனியார் கம்பனியொன்றுக்குக் கைமாறியிருந்தது. ‘வோட்டர்ஸ் எட்ஜ்’ என்று அறியப்பட்ட அந்த வழக்கில், பொதுநல அக்கறையோடு வந்த மனுதாரர்களுக்குச் சார்பாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைமாற்றம் செல்லாது, காணி அரசுக்குத் திரும்பவேண்டும், முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்தவேண்டும் என்று அது உத்தரவிட்டது. பதவியின் உச்சத்தில் இருந்த ஒருவர் காணி விவகாரமொன்றுக்காகத் தனிப்பட்ட முறையில் பணம் கட்டநேர்ந்தது நாட்டுக்குப் புதிது. ஆனால் அங்கே இன்று நிற்பது விருந்து மண்டபங்களும் உணவகங்களும். காணி பொதுவுடைமைக்குத் திரும்பியது, பழைய தாழ்நிலம் திரும்பவில்லை. கிறவல் விழுந்தபின் எந்தத் தீர்ப்பாலும் அதை அள்ளி எடுக்க முடிவதில்லை என்பதே இந்த வழக்குகளின் பொதுவான சோகம்.

இதைவிடப் பெரிய பரப்பு நகருக்கு வடக்கே கிடக்கிறது. களனியின் முகத்துவாரத்துக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையே, வத்தளை, ஜா-எல ஊர்களின் மேற்கே, 3,000 ஹெக்டேயருக்குச் சற்று மேலான முத்துராஜவெல. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். அதை ஒட்டி வெட்டப்பட்ட கால்வாய்கள் வழியாக உவர்நீர் ஏறி வயல் கெட்டது. 1802 முதல் 1804 வரை ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்டன் கால்வாயும் அதை மீட்கவில்லை. பயிர் கைவிட்ட இடத்தில் சதுப்பு செழித்தது. 1996இல் வடபகுதி சரணாலயமானது. தென்பகுதி அப்படித் தப்பவில்லை. கெரவலப்பிட்டியில் கடலிலிருந்து மணல் அள்ளிப் பெரும்பரப்பு நிரப்பப்பட்டது, அங்கே அனல் மின்நிலையமும் தொழிற்சாலைகளும் வந்தன. 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேகப் பாதை சதுப்பினூடாகவே போகிறது.

முத்துராஜவெலவின் பெறுமதியை 2003இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பணத்தில் கணக்கிட்டுப் பார்த்தது. அன்றைய விலையில் வருடத்துக்கு ஏறத்தாழ 72 கோடியே 60 இலட்சம் ரூபா என்ற அந்தத் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத்தைத் தாங்கும் சேவைக்கே உரியது. கழிவுநீரைச் சுத்திகரிப்பது, களப்பு மீனவருக்கு மீன்குஞ்சு வளரும் இடமாக இருப்பது எல்லாம் அடுத்த வரிசை. இந்தச் சேவை எவருடைய கணக்கிலும் வருமானமாக வராததால்தான் நிலம் ‘சும்மா கிடக்கிறது’ என்று தோன்றுகிறது. 2021இல் முத்துராஜவெலவை நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் கொண்டுவர வர்த்தமானி வந்தபோது மீனவரும் சூழலியலாளரும் கொதித்தெழுந்தார்கள். கொழும்புப் பேராயர் மல்கம் கர்தினால் ரஞ்சித் ஆண்டகை வெளிப்படையாக எதிர்த்தார், நீதிமன்றத்தில் மனுக்களும் தாக்கலாகின. காப்பதற்காகவே எடுக்கிறோம் என்றது அரசு. கட்டடம் கட்டுவிப்பதை முதன்மைப் பணியாகக் கொண்ட நிறுவனத்திடம் காவலை ஒப்படைப்பதை மக்கள் நம்பாததில் வியப்பில்லை. அதே காலத்தில் களனிப் புதிய பாலத்திலிருந்து அத்துருகிரிய வரை உயர்மட்ட அதிவேகப் பாதையொன்று தலங்கமச் சதுப்பின் மேலாகத் திட்டமிடப்பட்டது. அங்குள்ள குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த பின் அந்தத் திட்டம் நகரவில்லை. சட்டத்தால் குறிக்கப்பட்ட பாதுகாப்புப் பிரதேசம் ஒன்று பணத்தட்டுப்பாட்டால் தப்பியது ஆறுதலான செய்தி ஆகாது.

கொட்டாஞ்சேனை மக்களுக்கு இந்த விடயத்தின் இன்னொரு முகம் நன்றாகத் தெரியும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் புளூமெண்டாலில் நெடுங்காலம் நகரத்துக் குப்பை மலையாகக் குவிந்தது. 2009இல் நீதிமன்றத் தலையீட்டால் அது நிறுத்தப்பட்டபோது குப்பை லொறிகள் கொலன்னாவச் சதுப்பின் ஓரத்தில் உள்ள மீதொட்டமுல்லைக்குத் திரும்பின. வேறு எந்தக் காணியிலும் கொட்ட முடியாத குப்பைக்குச் சதுப்புத்தான் இடம் என்ற பழைய எண்ணமே அங்கும் வேலை செய்தது. சேற்று நிலத்தின் மேல் எழுந்த அந்தக் குப்பை மேடு 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், சரிந்து பக்கத்து வீடுகளை மூடியது. 32 உடல்கள் மீட்கப்பட்டன. இறந்தவர்கள் சதுப்பின் ஓரத்தில் வாழ வேறு தெரிவு இல்லாதவர்கள்.

நகரச் சதுப்பைக் காக்கும் பேச்சில் இந்த மக்களின் இடம் எப்போதும் சிக்கலானது. கால்வாய்க் கரைகளில் பலகை வீடுகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், அவர்களில் தமிழ் பேசுவோர் கணிசமானோர், 2010க்குப் பின் மட்டக்குளி, தெமட்டகொட, முகத்துவாரம் பகுதிகளின் மாடித் தொகுதிகளுக்கு மாற்றப்பட்டார்கள். கால்வாய் துப்புரவானது உண்மை. மாடிக்குப் போன குடும்பங்கள் தவணைப் பணம், பழுதாகும் மின்தூக்கி, பிழைப்புக்குத் தூரம் என்று புதிய சுமைகளைச் சுமப்பதும் உண்மை. அரைப் பேர்ச் நிலத்தில் வாழ்ந்தவரை வெள்ளத்தின் பெயரால் அகற்றும் அதே நகரம், நூறு பேர்ச் சதுப்பில் மாடமாளிகை எழுவதற்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு தீராதவரை சதுப்புப் பாதுகாப்பு வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் ஏழைகளிடம் நீங்காது.

நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. கோட்டேயில் 18 ஹெக்டேயர் பரப்பில் பெத்தகான சதுப்புப் பூங்கா 2016இல் திறக்கப்பட்டது. தலவத்துகொடவில் 60 ஏக்கரில் தியசரு பூங்கா இருக்கிறது. மரப்பலகை நடைபாதையில் பிள்ளைகள் வரிசையாகப் போய்க் கொக்கையும் முதலையையும் பார்க்கிறார்கள். வெரஸ் கங்கைக் கரையில் காலையில் நடப்பவர்கள் ஏராளம். இவற்றின் பெரிய பயன் காவல். நாள்தோறும் நூறு பேர் நடக்கும் கரையில் இரவோடிரவாக டிப்பர் மண் கொட்டுவது எளிதல்ல. 2018 ஒக்டோபரில் டுபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில் முதன்முதலாக 18 நகரங்கள் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் பெற்றன. அவற்றில் தலைநகர் என்று இருந்தது கொழும்பு மட்டுமே. ஆனால் அந்த அங்கீகாரம் 6 வருடங்களுக்கு உரியது, சட்ட வலு இல்லாதது. இலங்கையின் ராம்சார் பட்டியலில் புந்தல, ஆனைவிழுந்தான், மாது கங்கை, வங்காலை, குமண, வில்பத்து இருக்கின்றன, கொழும்பின் சதுப்பு ஒன்றும் இல்லை.

அயலில் ஒப்பிட இரண்டு நகரங்கள் உள்ளன. சென்னையின் பள்ளிக்கரணை ஆயிரக்கணக்கான ஹெக்டேயரிலிருந்து சில நூறு ஹெக்டேயராகச் சுருங்கும்வரை யாரும் தடுக்கவில்லை. குப்பை மேடும் கணினிக் கம்பனிகளும் வீடுகளும் அதை மூடின. 2015 டிசம்பர் வெள்ளத்தின் பின்னரே பலருக்கு அந்தப் பெயர் தெரிந்தது. 2022இல் அது ராம்சார் தலமானது, 2025இல் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் புதிய கட்டட அனுமதிகளைப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. காவல் சதுப்பின் வேலியோடு நிற்காமல் சுற்றுப்புறத்துக்கும் நீண்டது அங்கே கவனிக்கத் தக்கது. கல்கத்தாவின் கிழக்கே உள்ள சதுப்பில் நகரின் கழிவுநீரை வைத்தே மீனும் மரக்கறியும் வளர்க்கிறார்கள். 1992இல் அங்குள்ள மேல் நீதிமன்றம் நிலப்பயன்பாட்டை மாற்றத் தடை விதித்தது. 12,500 ஹெக்டேயர் அளவிலான அந்தப் பரப்பு 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மீன் வளர்ப்பவரின் பிழைப்பும் சதுப்பும் ஒன்றாகப் பிணைந்திருந்ததால் அதற்கு ஆயிரக்கணக்கான காவலர் கிடைத்தார்கள். முத்துராஜவெலவின் மீனவரையும், தலங்கமவில் இன்னும் வயல் விதைக்கும் சில குடும்பங்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கவேண்டும்.

கொழும்புக்குத் தேவையான திருத்தங்கள் பெரும்பாலும் சிறியவை, செலவு குறைந்தவை. தனித்தனிக் காணியாக அல்லாமல் ஒரே நீர்ப்படுகையில் இதுவரை நிரப்பியதையும் சேர்த்து அளவிடும் விதி வந்தால் 4 ஹெக்டேயர் ஓட்டை அடைபடும். ஒவ்வொரு சதுப்பின் எல்லையையும் நில அளவையாளர் கல் நட்டுக் குறித்து, அந்த வரைபடத்தைக் காணிப் பதிவகத்தில் சேர்த்தால், நொத்தாரிசு உறுதி எழுதும் மேசையிலேயே விற்பனை நிற்கும். உள்ளே அகப்பட்ட தனியார் காணிக்கு நட்டஈடோ மாற்றுக் காணியோ கொடுப்பதுதான் செலவு மிக்க பகுதி. சரணாலயம் என்று அறிவித்துவிட்டுக் காணிக்காரரை விற்கவும் விடாமல், நட்டஈடும் கொடுக்காமல் முப்பது வருடம் வைத்திருந்தால் அவர் நிரப்புவதற்கே வழி பார்ப்பார். இன்னொரு பக்கம், வீட்டுத் தேவை பொய்யல்ல. வெள்ளவத்தையில் அறைகளுக்குள் நெருங்கி வாழும் குடும்பங்கள் வெளியே இடம் தேடுவது இயல்பு. அந்தத் தேவையை மேட்டு நிலங்களுக்கும், ரயில் பாதையை ஒட்டிய ஊர்களுக்கும் திருப்பும் வகையில் நீர், மின், பாடசாலை வசதிகளை முன்கூட்டியே கொண்டுபோவது திட்டமிடுவோர் வேலை.

காணி வாங்க முன்வருபவர் செய்யக்கூடியதும் உண்டு. நகரைச் சுற்றிய தாழ்ந்த பகுதியில் காணி பார்க்கிறவர் பழைய உறுதிகளைப் பின்னோக்கிப் பார்த்து, அது வயலாகவோ வயலை ஒட்டிய ‘ஓவிட்ட’ நிலமாகவோ எழுதப்பட்டிருக்கிறதா என்று நொத்தாரிசிடம் கேட்கலாம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் வலய வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதையும், காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் நிரப்ப எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கிறதா என்பதையும் முற்பணம் கட்டும் முன் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய், பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் எந்த உயரம்வரை கறை விட்டிருக்கிறது என்று பார்ப்பது தரகர் சொல்வதைவிட நம்பத்தக்கது. அயலில் நிரப்பு வேலை நடப்பதைக் காண்பவர் கிராம சேவகரிடமும் கூட்டுத்தாபனத்திடமும் படத்தோடும் திகதியோடும் எழுத்தில் முறையிடலாம். மண் முதல் லொறியாக இருக்கும்போது கிடைக்கும் முறைப்பாட்டுக்கே பலன் அதிகம்.